மரச்சட்டமும் தகரச் சுவரும்
(மலையோரத்து ஜீப் கொட்டகை பற்றிச் சில செய்திகள்)

நம் சங்க மலரில் கல்வெட்டு பற்றியும் காப்பியம் பற்றியும் பெரியவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் நடுவே தகரக் கொட்டகை பற்றி எழுத ஓர் இரும்புக் கடைக்காரன் வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இளமையில் குமுளியில் 11 வருஷம், பிறகு பாலக்காட்டின் கிழக்கே 30 வருஷத்துக்கு மேல் ஆணியும் தகடும் விற்றவன் நான். ஒவ்வொரு வருஷமும் இடவப்பாதி மழைக்கு முன்னால் நம் குடும்பங்களில் யாராவது வந்து, "நயினாரே, ஜீப்புக்கு ஒரு ஷெட் போடணும். மரத்துல சட்டம் கட்டி சுத்தியும் தகரம் அடிச்சுடலாம்னு இருக்கோம்" என்பார்கள். ஆடி மாசக் காற்றில் தகடு பறந்துபோய் மறுபடி வாங்க வருபவர்களும் உண்டு. தகரம் மழையைத்தான் தடுக்கும், கொட்டகையைத் தாங்குவது மரமும் திருகும்தான் என்று அவர்களிடம் கடையில் நின்றபடி துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்த்துச் சொல்கிறேன்.

தகரம் என்னும் சொல்

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சங்க நூல்களில் தகரம் என்பது மணமுள்ள ஒரு மரம். அதை அரைத்த சாந்தைப் பெண்கள் கூந்தலில் பூசினார்கள். அதே சொல் பின்னால் வெள்ளீயத்துக்கும், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டுக்கும் பெயராயிற்று. மலையாளத்திலும் தகரம்தான். இன்று நாம் கூரைக்கும் சுவருக்கும் வாங்குவதில் வெள்ளீயம் கிடையாது, துத்தநாகப் பூச்சுதான். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது. மரத்துக்கும் உலோகத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது வேடிக்கை. நாம் கட்டப்போகும் கொட்டகையிலும் இந்த இரண்டும்தான் சேர்ந்து வாழ வேண்டும்.

நெளி வந்த கதை

தகட்டை நெளி நெளியாக மடிக்கும் வித்தைக்கு 1829-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர். லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்தவர். அதில் உள்ள சூட்சுமத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு செய்தித்தாளை ஓரத்தில் பிடித்து நீட்டுங்கள், தொங்கிவிடும். அதையே விசிறி மாதிரி மடித்து நீட்டுங்கள், விறைப்பாக நிற்கும். ஆனால் அந்த விறைப்பு மடிப்பு ஓடும் திசையில் மட்டும்தான். குறுக்கே அழுத்தினால் விரிந்துகொடுக்கும். ஆகையால் சுவரில் நெளி மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அதைத் தாங்கும் சட்டங்கள் குறுக்கே ஓட வேண்டும். மழைநீர் வழிந்து இறங்குவதற்கும் அதுவே வசதி.

1837-இல் பிரான்சின் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகத்தின் குணம் விசேஷமானது. இரும்பை மூடி நிற்பதோடு, கீறல் விழுந்தால் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். இந்த இரண்டு கண்டுபிடிப்பும் சேர்ந்தபின் நெளித்தகடு கப்பலேறி கலிபோர்னியாவின் தங்க வயல்களுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், இலங்கையின் தோட்டங்களுக்கும் போனது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னாலே தேயிலை வந்தது, தேயிலைக்குப் பின்னாலே தகரமும் வந்தது. மூணாறு பக்கம் பழைய தொழிற்சாலைகளையும் லயங்களையும் பாருங்கள். ஓடு சுமந்து ஏற முடியாத மலைக்கு லேசான தகடுதான் ஏறியது. அந்த மலைக்குப் போன நம் ஜனங்களில் பல தலைமுறை தகரத்து மழைச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தது.

இரண்டு எல்லை, இரண்டு காற்று

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை விழுந்தபோது பாலக்காடும், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்தில் அமைந்தன. இரண்டு எல்லையிலும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் காற்றும் மழையும் ஒன்றல்ல.

பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்துக்கு வாயைத் திறந்து நிற்கிறது. அந்த வாசல் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்தது சும்மா இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைவு, வெயில் கடுமை. அங்கே கொட்டகையைக் கெடுப்பது காற்று.

இடுக்கியில் கதை வேறு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். அந்த ஜீப்புகளுக்குத்தான் நாம் சொல்லும் கொட்டகை. ராமக்கல்மேட்டில் காற்று ஆளையே தள்ளும். மற்ற இடங்களில் மழையும் மஞ்சும் ஈரமும் மாசக்கணக்கில் விடாது. மறையூர் மட்டும் மழை மறைவுப் பகுதி. ஆக இடுக்கியில் பெரும்பாலும் எதிரி ஈரம். ஒரு ஊரில் பார்த்த வேலையை இன்னொரு ஊரில் அப்படியே காப்பி அடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முதலில் சட்டம்

தகரத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் சட்டத்தைச் சிக்கனம் பிடிப்பார்கள். அது தலைகீழ்க் கணக்கு. தகடு மெலிசாக இருந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். சட்டம் மெலிசாக இருந்தால் ஒரு நாள் காற்றில் மொத்தமும் போகும்.

பாலக்காட்டில் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கிடைத்தால் அதற்கு மேல் மரம் வேண்டாம். ஆனால் வெளிவட்டத்துக் கருநார்ப் பகுதிதான் உதவும், உள்ளே இருக்கும் சோறு உதவாது. அது கெட்டியாக இருப்பதால் முன்கூட்டியே துளை போட்டுத்தான் திருக வேண்டும். இடுக்கியில் யூகலிப்டஸும் சில்வர் ஓக்கும் சுலபமாகக் கிடைக்கும். வெட்டிய கையோடு பச்சையாக அடிக்காதீர்கள். யூகலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். மரம் சுருங்கினால் ஆணி தளரும், தகடு கடகடக்க ஆரம்பிக்கும். ரப்பர் மரத்தை மருந்து ஏற்றாமல் தொடவே வேண்டாம், வண்டு துளைத்துவிடும்.

தூணை மண்ணில் புதைக்கக் கூடாது. தரையிலிருந்து அரை அடி, முக்கால் அடி உயரத்துக்குக் கான்கிரீட் கால் எழுப்பி, அதில் பதித்த இரும்புப் பட்டையில் தூணை போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். காற்று கொட்டகையைத் தூக்கப் பார்க்கும்போது பிடித்துக்கொள்வது அந்த போல்ட்டுதான். மரம் மண்ணைத் தொடாவிட்டால் கரையானும் எளிதில் ஏறாது. ஏறினாலும் கான்கிரீட்டின் மேல் அதன் மண்பாதை கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். வருஷா வருஷம் விஷம் ஊற்றி உயிர்களைக் கொல்லும் பாவமும் மிச்சம். சமண வீட்டில் பிறந்த எனக்கு அந்த முறை இரண்டு விதத்திலும் பிடிக்கும்.

தூண்களுக்கு இடையே இரண்டரை அடி, மூன்று அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் சாய்வாக ஒரு தாங்குசட்டம் கட்டாயம். "தகரம் அடிச்சா தானா விறைச்சுக்கும் முதலாளி" என்று சில ஆசாரிகள் சொல்வார்கள். அதை நம்பி சாய்வுச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

தகடு வாங்கும்போது

கடைக்காரனே சொல்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள். "எத்தனை கேஜ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தடிமன் எத்தனை மி.மீ.? அது பூச்சும் பெயிண்டும் சேர்த்தா, வெறும் இரும்பா? பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? துத்தநாகத் தகட்டுக்கு ஐ.எஸ். 277 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. அதில் 120 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம். 275 என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வெயில் ஊருக்குப் போதுவது ஈர மலைக்குப் போதாது. சுவருக்கு அரை மி.மீ. அளவுத் தடிமன் நல்லது.

இப்போது அதிகம் விற்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. 55 பங்கு அலுமினியம், 43-க்கு மேல் துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். 1970-களில் அமெரிக்காவில் வந்த வகை. மழைக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் சாணத்து நெடி அடிக்கும் இடத்துக்கும் ஈரச் சிமெண்டுக்கும் ஆகாது. மாட்டுத் தொழுவத்தோடு சேர்ந்த ஷெட் என்றால் கடையில் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாங்கிய தகட்டை மழையில் அடுக்கி வைக்காதீர்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே நீர் நின்றால் மாவு பூசியதுபோல வெள்ளைத் துரு பிடிக்கும். கட்டை மேல் சாய்வாக வைத்து, காற்றுப் புகும்படி மூடுங்கள்.

அடிக்கும் முறை

முதலில் கீழ்ச்சட்டத்துக்கு மேலாக ஒரு மடிப்புத் தகடு. வழிந்து வரும் நீர் மரத்தில் சொட்டாமல் வெளியே விழ அது வேண்டும். மூலை மடிப்புகளையும் கதவுக்கு மேல் வரும் மடிப்பையும் வெட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் தகடு.

எந்தப் பக்கம் ஆரம்பிப்பது? மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்க் கோடியில். நம் இரண்டு ஊரிலும் மழை மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் கிழக்குக் கோடியில் முதல் தகட்டை வைத்து மேற்கே நகர வேண்டும். அடுத்த தகடு முந்தினதன் மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போது மேல் தகட்டின் திறந்த ஓரம் கிழக்கே பார்க்கும், காற்று அதில் விரலை நுழைத்துப் பிரிக்க முடியாது. பாலக்காட்டின் தை மாசக் காற்று கிழக்கே இருந்து வந்தாலும் அது பெரும்பாலும் வறண்ட காற்று. மழையை நினைத்தே அடுக்குங்கள்.

முதல் தகட்டைத் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்க வேண்டும். அது சாய்ந்தால் அடுத்து வரும் தகடுகளும் சாய்ந்துதான் நிற்கும். பக்கவாட்டில் சுவருக்கு ஒரு நெளி மேலேற்றம் குறைந்த அளவு. காற்றடிக்கும் இடத்தில் ஒன்றரை நெளி. மேலும் கீழுமாக இணைந்தால் நான்கு அங்குலம், மேல் தகடு வெளியே வரும்படி.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: "கூரை மாதிரியே சுவருக்கும் மேட்டிலேயே அடிச்சுடலாமா?" கூடாது. கூரையில் நீர் பள்ளத்தில் ஓடுகிறது, அதனால் துளை மேட்டில் இருக்க வேண்டும். சுவரில் நீர் எங்கும் நிற்காது, வழிந்துவிடும். பள்ளம்தான் மரத்தோடு ஒட்டி உட்காருகிறது. ஆகவே சுவருக்குப் பள்ளத்தில் திருகினால் தகடு நசுங்காது, பிடிப்பும் உறுதி.

ஆணியை விடத் திருகு நல்லது. காற்று தகட்டை வெளியே இழுக்கும்போது வழவழப்பான ஆணி மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும். திருகிலும் இரண்டு ஜாதி உண்டு. முனையில் துளைப்பான் போல இருப்பது இரும்புச் சட்டத்துக்கு. கூர்முனையும் அகலப் புரியும் உள்ளது மரத்துக்கு. மாற்றி வாங்கினால் மரத்தில் பிடிக்காது. ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மரத்துக்குள் இறங்க வேண்டும், மெத்து மரத்தில் ஒன்றரை. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினால் போதும். இன்னும் முறுக்கினால் வாஷர் கிழிந்து அங்கேயே ஒழுகும். நடுச்சுவரில் மூன்று பள்ளத்துக்கு ஒரு திருகு, ஓரத்திலும் மூலையிலும் கீழ்வரிசையிலும் இரண்டு பள்ளத்துக்கு ஒன்று. காற்று அதிகம் இழுப்பது மூலையைத்தான். ஜீப் ஷெட்டில் இன்னொரு ஆபத்து, பெரிய கதவு. மேற்கே பார்த்த கதவு திறந்து கிடந்தால் காற்று உள்ளே புகுந்து தள்ளும், வெளியே இன்னொரு காற்று இழுக்கும். இரண்டும் சேரும்போதுதான் தகடு பறக்கிறது. கதவை முடிந்தால் கிழக்கே வையுங்கள். பறக்கும் தகடு கத்திதான், பக்கத்து வீட்டு முற்றத்தில் குழந்தைகள் இருப்பார்கள்.

வெட்டுவதற்குக் கத்தரி நல்லது. கிரைண்டர் போட்டால் பொறி பறந்து பூச்சைச் சுடும். சிதறிய இரும்புத்தூள் மறுநாளே செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பெயிண்ட் தடவுங்கள். சாயங்காலம் தூளைக் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மரம் மூச்சுவிட வேண்டும்

ராத்திரி தகடு சில்லிட்டுப் போகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு முத்து முத்தாக நீர் கோர்க்கும். இடுக்கியில் பலர் இதை ஒழுக்கல் என்று நினைத்து தார் பூசுகிறார்கள். அது ஒழுக்கல் இல்லை, வியர்வை. அதற்கு மருந்து காற்றோட்டம். மடிப்புத் தகட்டின் கீழ்முனை மண்ணிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும். நெளியின் இடைவெளி வழியாகக் காற்று கீழே நுழைந்து, கூரைக்கடியில் விட்ட வழியாக வெளியேற வேண்டும். எலி வரும் என்று சொல்லி அந்த நெளி ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைக்கிறார்கள். ஈரம் அங்கே தங்கும், சிமெண்டு பூச்சை அரிக்கும், கீழ்ச்சட்டம் உளுக்கும். கம்பி வலை வையுங்கள், எலியும் வராது, காற்றும் போகும்.

இன்னொரு பகை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. ஏலத்துக்கும் மிளகுக்கும் கமுகுக்கும் அடிக்கும் போர்டோ கலவையில் துருசு உண்டு. துருசு என்றால் தாமிரம். தாமிர நீர் துத்தநாகத்தின் மேல் பட்டால் பூச்சைக் கரைத்துவிடும். மருந்து டிரம்மையும் தெளிப்பானையும் தகரச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். தாமிர மருந்து ஏற்றிய மரம் என்றால் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே தார்க்காகிதம் கொடுங்கள். உரமூட்டையும் உப்பும் தள்ளியே இருக்கட்டும்.

உயிர்க் காவல்

மூன்று விஷயம் மறக்கக் கூடாது. முதலாவது மின்சாரம். தகடு வெட்டிய ஓரம் வயரின் உறையை மெல்ல அறுக்கும். அப்புறம் மொத்தச் சுவரும் கரண்ட். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், தகரத்துக்கு எர்த் கொடுங்கள், 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பானைப் போடுங்கள். ஒரு பல்பு மட்டும் போடுகிற ஷெட்டுக்கும் இது உண்டு.

இரண்டாவது புகை. கதவைச் சாத்திக்கொண்டு இஞ்சினை ஓடவிடாதீர்கள். குளிருக்குக் கரி மூட்டி உள்ளே படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். டிரைவர் பிள்ளைகள் ராத்தங்கும் கொட்டகைகளில் இதை எழுதி ஒட்டிவைத்தாலும் தகும்.

மூன்றாவது இடம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு பக்கம் ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போனது. பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் சரிவின் முன்னால் எந்தத் தூணும் எந்தத் தகடும் நிற்காது. மண் வெட்டிச் சமன் செய்த சரிவின் அடியிலோ, ஓடை வரும் வழியிலோ ஷெட் போட வேண்டாம். இடம் போதவில்லையென்றால் ஜீப் வெளியே மழையில் நனையட்டும். ஜீப்பைத் துடைத்துக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு நாள்

எல்லாம் முடிந்தபின் செலவில்லாத ஒரு வேலை பாக்கி. சித்திரையிலோ வைகாசியிலோ, மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வாருங்கள். தளர்ந்த திருகை முறுக்குங்கள், கிழிந்த வாஷரை மாற்றுங்கள், கீழ்ச்சட்டத்தில் ஆணியால் குத்தி மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். தாழ்வாரத்துக்கு அடியில் மழை படாத பகுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மழை கழுவாத இடத்தில்தான் தூசியும் உப்பும் தங்கி முதலில் துரு பிடிக்கும். இதற்கு அரை நாள் போதும். மரம் காய்ந்ததாகவும், திருகு சரியானதாகவும், அடி உலர்ந்ததாகவும் இருந்தால் தகரச் சுவர் உங்கள் பிள்ளைகள் காலம் வரை நிற்கும். சம்பாதித்த காசை ஒரு காற்றில் பறக்கவிட வேண்டாம் என்பதே இந்தக் கடைக்காரனின் வேண்டுகோள்.